கறுப்பு நூல் கட்டுன பாட்டில்

கொஞ்சம் தள்ளி உக்காரு தங்கச்சி. நீ பாட்டுக்குக் குடு. என்னையப் பாத்து எதுக்கு மாராப்ப இழுத்து மூடுற, நானும் புள்ளக்காரிதான். வெளிய ஒரு சத்தம் கேட்டுச்சே, அது நாந்தான். பயந்துட்டியா? கதவுல இம்புட்டுப் பெரிசா பாலூட்டும் அறைன்னு எழுதிப் போட்டிருக்கு, ஒரு தடிப்பய அதுல சாஞ்சுக்கிட்டு போன் பேசிக்கிட்டிருக்கான். நகருய்யான்னேன். நகரல. செருப்பக் கழட்டி முதுகுல ஒண்ணு வச்சேன். இப்ப பஸ் ஸ்டாண்டுலயே ஆளக் காணோம். இவனுகளுக்கெல்லாம் சொல்ற விதமாச் சொன்னாத்தான் ஏறும்.

மத்தபடி நான் கை நீட்டுற ஆளே இல்ல. மம்சாபுரத்துல வந்து பாண்டிச்செல்வி எப்பிடின்னு யாரை வேணா கேட்டுப் பாரு. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

எம் மக அழுறாளேன்னு பாக்காத. பசியெல்லாம் இல்ல இவளுக்கு. பல்லு மொளைக்கப் போகுது, அதான் கைய வாயில திணிச்சுக்கிட்டு நைநைங்குறா. வீட்டுல குடுத்துட்டுத்தான் கெளம்புனேன். வயிறு நெறையக் குடுத்தேன். நீ குடு, ஒம் புள்ளையப் பாரு.

நீ எந்தூரு? சிவகாசியா. வேலைக்குப் போறியா? ஜவுளிக்கடையா! அதான, சேலைய மடிப்பு மடிப்பா ஊக்குக் குத்தியிருக்கும்போதே நெனச்சேன். அப்ப புள்ளைய யாரு பாத்துக்கிறா? உங்கம்மாவா. சரி சரி. இன்னிக்கு ஊசி போடத் தூக்கிட்டு வந்தியாக்கும். கோவிச்சுக்காத தங்கச்சி, எனக்கு இந்த வேலைக்குப் போற பொம்பளைகளக் கண்டாலே ஆகாது. ஒன்னையச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். ஒன்னைய மாதிரி ஒருத்தியாலதான் எங்க குடும்பம் ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு.

எங்க கொழுந்தன் பொண்டாட்டி. தங்கபுஷ்பம்னு பேரு. இப்ப ராஜபாளையத்துல, மில்லுகிட்ட வாடகைக்குக் குடியிருக்கா. அவளப் பாக்கத்தான் போறேன். விருந்துக்குன்னு நெனச்சியா? சண்டைக்கு. அவ நெத்தியில தையல் போட்டிருக்கு, போட வச்சது நாந்தான். இன்னும் எனக்கு மனசு ஆறல. இன்னிக்குப் போயி அவள நடுத்தெருவுல இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்துனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

கேளு. எங்க மாமியாளுக்கு ரெண்டு மகன். மூத்தவரு சீனிராஜு, எங்க வீட்டுக்காரரு, லோடு ஆட்டோ ஓட்டுறாரு. இளையவன் அய்யனாரு. அவனும் அவளும் ஒரே மில்லுல நூல் ஓட்டுறாக. எல்லாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு இவ பெறந்தா, தன்ஷிகான்னு பேரு வச்சேன். அடுத்த மாசமே அவளுக்கு ஆம்பளப்புள்ள. அப்பவே எங்க மாமியா சொன்னா, ரெண்டு பச்ச ஒடம்புக்காரிக ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுடி, ஒருத்தி பால மத்தவ இழுத்துக்குவான்னு. நான் சிரிச்சேன். நம்ம வீட்டுலயே இருக்கோம், அவ மில்லுக்குப் போறவ, இழுத்தா நம்மதான் இழுப்போம்னு நெனச்சுக்கிட்டேன். மனசுக்குள்ள ஒரு சந்தோசம்கூட.

நீயே சொல்லு, நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நான் நாள் முழுக்கப் புள்ள கூடவே கெடக்கேன். வேளாவேளைக்குத் திங்கேன். பால்சுறா கொழம்பு, பூண்டு, முருங்கக்கீரை, எதக் குறைச்சேன்? அவ விடியுமுன்ன எந்திரிச்சு ஓடுறவ. தலையெல்லாம் பஞ்சு, நாள் முழுக்க நின்ன காலு, மெஷின் சத்தத்துல காதும் கேக்காது. யாருக்கு ஊறணும்? எனக்குத்தான ஊறணும்?

மத்தியானம் அவ ஷிப்ட் முடிஞ்சு வாசப்படி ஏறும்போதே ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சிருக்கும். அதத் தொடச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பா பாரு. "பஸ்ல வரும்போதே சுரந்துருச்சுக்கா"ன்னு. யாரு கேட்டா ஒன் வரலாற? அந்தச் சிரிப்பு மூஞ்சிய அம்மியில வச்சு நசுக்கணும்போல இருக்கும்.

எனக்கு வராம இல்ல. வந்துச்சு. ஆனா இவ ரெண்டு இழுப்பு இழுப்பா, விட்டுட்டு வீல்னு கத்துவா. கத்துனா நான் ஒடனே எடுத்துருவேன். எதுக்கு வச்சு இழுக்கவிட்டுக்கிட்டு, தெருவுல போறவ எல்லாம் பால் இல்லாதவ வீடுன்னு சொல்றதுக்கா? அங்கன்வாடியில எடை போட்டுப் பாத்துட்டு அந்த டீச்சர், "ஏறலயேம்மா, அடிக்கடி வச்சிருங்க"ன்னா. எல்லார் முன்னாடியும் சொல்றா. தொட்டில்ல கட்டித் தொங்கவிட்டு எம் புள்ளைய எடை போடுறாளே, அந்தத் தராசப் பிடுங்கி அவ மண்டையிலயே போட்டிருப்பேன். மாமியா கூட வந்ததால விட்டேன்.

அன்னிக்கு சாயந்தரமே இந்தப் புஷ்பம் வந்து பக்கத்துல உக்காந்தா. "அக்கா, மொதல்ல அழத்தான் செய்யும், எடுத்துராதீக. அழட்டும்னு விடாம வச்சிருங்க, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும்"ங்கா. எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டா! வீட்டுல இருக்கிறவளுக்கு மில்லுல இருந்து வந்து பாடம். கையில காபி டம்ளர் இருந்துச்சு. சுடச்சுட அவ பக்கமா வீசுனேன். மேல படல, சுவத்துலதான் பட்டுச்சு. பட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேச்சக் குறைச்சுக்கிட்டா. ஆனா அங்கதான் சூது ஆரம்பிக்குது, கவனி. கையால அமுக்கிப் பீய்ச்சுற பம்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தா. தெனமும் சாயந்தரம் கதவச் சாத்திக்கிட்டு டொக்கு டொக்குன்னு சத்தம். ரெண்டு பாட்டில்ல பாலப் பீய்ச்சி பிரிட்ஜுக் கதவுல வச்சிருவா. காலையில அவ மில்லுக்குப் போனதும் மகனுக்குக் குடுக்கணுமாம். அவ மகன் ஒருத்தன்தான, எதுக்கு ரெண்டு பாட்டிலு? அதுல ஒரு பாட்டில் கழுத்துல மட்டும் கறுப்பு நூலு. கறுப்பு நூல எதுக்குக் கட்டுவாக? கண்ணுக்கு, செய்வினைக்கு. எம் பால இழுக்கத்தான் அந்தப் பாட்டிலுன்னு எனக்கு அன்னிக்கே பொறி தட்டுச்சு. சொன்னா யாரு நம்புவா? எங்க வீட்டுக்காரரு, "ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா"ன்னு கேட்டாரு. சோத்துத் தட்டத் தூக்கி அவரு மேலயே கவுத்துட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். கடவுளு நம்ம பக்கம். அந்த நேரத்துலதான் எனக்குப் பால் நல்லா ஊற ஆரம்பிச்சுது. ஆமா! இவ கன்னம் உப்பிருச்சு. தொடையில மடிப்பு விழுந்துருச்சு. காலையில மாமியா ரெண்டு புள்ளைகளையும் குளிப்பாட்டி, காத்துப் படக்கூடாதுன்னு கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கவப்பா. நான் தண்ணி பிடிச்சு, துணி தொவைச்சு, ஒலை வச்சு முடிச்சு வந்து பாத்தா, இவ வயிறு கும்முன்னு தூங்கிக்கிட்டிருப்பா. மத்தியானமும் அப்பிடித்தான். நான் சாப்புட்டுக் கண்ணசந்துட்டு எந்திரிப்பேன், இவ பக்கத்துல சிரிச்சுக்கிட்டுக் கெடப்பா. வாயெல்லாம் பால் வாசம். எம் பாலுதான். எப்பிடியும் நான் தூக்கத்துலயே குடுத்திருப்பேன். அங்கன்வாடிக்குத் தூக்கிட்டுப் போயி டீச்சர் முன்னாடி டக்குன்னு வச்சேன், "இப்பப் போடு எடையை"ன்னு. ஏறியிருக்கு! அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. மாமியாளப் பாத்தேன், அவளும் தலையக் குனிஞ்சுக்கிட்டா. பால் பத்தலன்னு சொன்ன வாயி அதோட அடைஞ்சுச்சு.

அப்பிடி இருந்தவளத்தான்...

இரு, இவளத் தோள்ல போட்டுக்கிறேன். ஏய், சும்மாரு. சும்மாருன்னு சொல்றேன்ல. ஒம் புள்ள குடிக்கிற சத்தம் கேக்குதுல்ல, அதான் இவளுக்குப் பொறாமை.

ஒரு மத்தியானம். கரண்டு போயிருச்சு. பேன் நின்னதும் எனக்கு முழிப்பு வந்துருச்சு. பக்கத்துல கைய விட்டுத் துழாவுறேன், புள்ளையக் காணோம். அடுக்களையில வளையச் சத்தம். எட்டிப் பாக்கேன். பிரிட்ஜுல முதுகச் சாச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கா புஷ்பம். தலையில பஞ்சு அப்பிடியே இருக்கு, இன்னும் கைகூட நனைக்கல. மடியில எம் மக. எம் மக அவ மாருல வாய வச்சு, கண்ண மூடிக்கிட்டு, மடக்கு மடக்குன்னு குடிக்கா. இவ ஒத்தக் கை அவ தாலிக்கயித்தப் பிடிச்சுக்கிட்டிருக்கு.

எங்கிட்ட ஒரு நாளும் அப்பிடிக் குடிச்சதில்ல தங்கச்சி. ஒரு நாளும்.

அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே கோர்வையா வராது. ஒரு கையால புள்ளையப் பிடுங்கிப் பாயில போட்டேன். இன்னொரு கையால அவ கொண்டையைச் சுருட்டிப் பிடிச்சேன். பிரிட்ஜுக் கதவுலயே அவ நெத்தியக் கொண்டு மோதுனேன். ஒரு தடவ இல்ல. ரெத்தம் பொலபொலன்னு வருது. கத்துனாளா? கத்தல. "புள்ளையப் பாருங்கக்கா, புள்ள பொரை ஏறும்"ங்கா. நடிப்பப் பாத்தியா? தடுக்க வந்த கையக் கடிச்சேன். பல்லுத்தடம் இன்னும் இருக்கும்னு நெனக்கிறேன்.

அப்பத்தான் அந்தப் பாட்டில் கண்ணுல பட்டுச்சு. தாய்ப்பாலு நெருப்புல பட்டா அந்த மாரு வத்திப்போகும்னு எங்க மாமியா அடிக்கடி சொல்லுவா, அதுக்குத்தான் அடுப்புகிட்ட உக்காந்து பால் குடுக்கவே விடமாட்டா. காலையில குடுத்தது போக மிச்சப் பாலோட இருந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்தேன். அடுப்பப் பத்தவச்சு, தோசைக்கல்லப் போட்டுக் காயவிட்டேன். "ஒம் மாரு வத்திக் கருகிப் போகட்டும்டி"ன்னு சொல்லிச் சொல்லி ஊத்துனேன். சொய்ங்னு பொங்கி, தீஞ்சு, வீடெல்லாம் ஒரு நாத்தம். அப்ப கத்துனா பாரு! மண்டை ஒடைஞ்சப்பக் கத்தாதவ அப்பக் கத்துனா. "அக்கா, கறுப்பு நூல் கட்டுனத ஊத்தாதீக, அது ஒங்க மகளுக்கு எடுத்து வச்சது"ன்னு.

பாரு, மாட்டிக்கிட்டதும் எப்பிடிப் பேச்ச மாத்துறா! கண்ணுபடக் கூடாதுன்னு நூல் கட்டுனாளாம். எந்தப் பாட்டிலு யாருக்குன்னு மாமியாளுக்குத் தெரியணும்னு கட்டுனாளாம். எங்கிட்டச் சொன்னா நான் ஒடைஞ்சு போவேன்னு சொல்லலயாம். நான் ஒடைஞ்சு போவேனாம்! கடைசிச் சொட்டு வரைக்கும் கவுத்து ஊத்துனேன்.

மாமியா ஓடியாந்தா. வந்தவ அவ பக்கம் போயி முந்தானையால ரெத்தத்த அமுக்குறா. "ஒம் மக உசுரோட கெடக்கிறது இவளாலதான்டி, பாவி"ங்கா. கையில கெடச்ச பால் சட்டிய அவ மேலயும் எறிஞ்சேன். மருந்து வச்சு மாமியாளையும் மயக்கிட்டா, அது எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

அய்யனாரு வந்து பொண்டாட்டி கெடந்த கோலத்தப் பாத்துட்டு அம்மிக்குழவியத் தூக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு குறுக்க விழுந்தாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாசல் முத்தத்துல உருண்டாக. இவரு முன்பல்லு ஒண்ணு தெறிச்சிருச்சு, அவனுக்குக் காது கிழிஞ்சிருச்சு. தெருவே கூடிருச்சு. அம்புட்டும் முடிஞ்சு இவரு எந்திரிச்சு வந்து, வாயில ரெத்தத்தோட, என்னைய விட்டாரு பாரு ஒரு அறை. கல்யாணமான நாள்ல இருந்து தொட்டதில்ல. காதுல இன்னும் ஙொய்ங்குது. ஒரு வார்த்த பேசல. அன்னிக்கு இருந்து இன்னிக்கு வரைக்கும் பேசல.

அன்னிக்கே அவுக சாமானத் தூக்கிட்டுப் போயிட்டாக. மாமியாளும் கூடவே போயிட்டா. வீடு எனக்கே எனக்குன்னு ஆயிருச்சு. நிம்மதின்னு நெனச்சேன்.

ஆனா போகும்போது அந்தச் சிறுக்கி என்னமோ வச்சுட்டுப் போயிட்டா. போன மறுநாள்ல இருந்து எனக்கு ஊறல. நல்லா ஊறிக்கிட்டிருந்த பாலு, சுத்தமா நின்னு போச்சு. இவ வாய வைக்கவே மாட்டேங்கா. வச்சா நாலு இழுப்பு, அப்பறம் தலையத் தலையத் திருப்பிக்கிட்டு, கையக் கால உதறி அலறுறா. டப்பாப் பாலக் கரைச்சுக் குடுத்தேன், குடிச்சதெல்லாம் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில நர்சம்மா என்னையக் கேக்கா, இதுக்கு முன்னாடி என்னம்மா குடிச்சான்னு. எம் பாலுதான்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

தொட்டுப் பாரு. தொடையத் தொட்டுப் பாரேன். மடிப்பு மடிப்பா இருந்துச்சு தங்கச்சி. இப்பத் தோலு தனியா வருது. நேத்துல இருந்து அழுகையும் சத்தமா வரல, பூன முனங்குற மாதிரி முனங்குறா.

அதான் கெளம்பிட்டேன். போயி அவ குடுமியப் பிடிச்சு, வச்சத எடுடின்னு கேக்கப் போறேன். எடுக்கலன்னா இன்னொரு பக்க நெத்தியும் தையலுதான். அப்பிடியே இந்தப் பாட்டிலுகளையும் அவ மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வரணும். இந்தா, பையில இருக்கு பாரு, ரெண்டும். அவ பொருளு எனக்கெதுக்கு? காலையில எந்திரிச்சு நல்லா வெளக்கி, வெந்நில போட்டு அவிச்செடுத்து, ஈரம் போகக் காயவச்சு, சுத்தமான துணியில சுத்தி எடுத்தாந்திருக்கேன். நூலக்கூட அவுக்கல.

என்ன? என்ன கேட்ட?

மூஞ்சியில விட்டெறியிற பாட்டில எதுக்கு அவிச்செடுத்தேன்னா கேக்குற?

ஏய், ஜவுளிக்கடைக்காரி, நாக்க அடக்கிப் பேசு. ஒனக்கும் வேணுமா? இந்த ரூம்ல யாரும் இல்ல, கத்துனாலும் பஸ் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது. எதுக்கு அவிச்சேனா? அழுக்கோட குடுத்தா பாண்டிச்செல்வி சுத்தமில்லாதவன்னு சொல்லமாட்டாளா? அதுக்குத்தான். வேற எதுக்கு? அவகிட்டப் போயி நான் கையேந்துவேன்னு நெனச்சியா? இதுல கொஞ்சம் ஊத்திக்குடு தாயேன்னு அவ வாசல்ல போயி நான் நிப்பேனா? நிப்பேனா நான்? அவ மண்டைய ஒடைச்சவ நானு. அவ கதவத் தெறந்தாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு...

நான் அழல. தூசி. இந்த ரூமக் கூட்டி எத்தன நாளாச்சோ.

கைய எதுக்கு நீட்டுற? எடு கைய. எம் புள்ளையத் தொட்ட, மணிக்கட்ட ஒடிச்சுப்புடுவேன். எவ புள்ளைக்கு எவ குடுக்கிறது? ஒம் புள்ளைக்குப் பத்துமா மொதல்ல? கடைக்கும் போயிக்கிட்டு, ஊசி போடவும் அலைஞ்சுக்கிட்டு, ஒனக்கு எங்க இருந்து...

ஒழுகுதே. ஒம் மறுபக்கம் சும்மாவே ஒழுகுதேடி.

பாரு. பாரு, தலையத் திருப்புறா. ஒம் பக்கமாத்தான் திருப்புறா. வாசம் கண்டுக்கிட்டா பாரு கள்ளச் சிறுக்கி.

இந்தா. பிடி. பிடின்னு சொல்றேன்ல, நான் மனசு மாறுறதுக்குள்ள பிடி. கழுத்த நல்லாத் தாங்கு. மொதல்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அழுவா. ஒடனே எடுத்துராத. அழட்டும்னு விடாம வச்சிரு தாயி, குடிக்கக் குடிக்க ஊறும். ராஜபாளையம் பஸ்ஸு போனாப் போகுது, நான் அடுத்ததுல போயிக்கிறேன். அவ ஷிப்டு முடிஞ்சு வரவும் நேரம் இருக்கு.

நான் இங்க இருக்க மாட்டேன். என்னால பாக்க முடியாது. கதவச் சாத்திட்டு வெளிய வாசல்ல நிக்கிறேன். நீ பயப்படாமக் குடு. எவனாவது, எவளாவது உள்ள எட்டிப் பாக்கட்டும், மண்டையப் பொளந்துருவேன்.